சிலாங்கூர் ஈன்ற காற்பந்துச் செல்வர் மொக்தார் டஹாரி



பரிசளிப்பு விழா மலர் என்றால் புலவர்கள், அறிஞர்கள், தலைவர்கள் ஆகியோரின் வரலாறுதான் வழக்கமாக வரும். இம்முறை நம் மாநிலத்துக் காற்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறோம். பந்தடித்து என்னத்தைக் கண்டாய் என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் நம் தோட்டங்களில் இன்றும் உண்டு. படிப்புக் கெட்டுவிடுமே என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இந்த வரலாற்றைக் கடைசிவரை படித்துவிட்டு, அப்புறம் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

பிறப்பும் பள்ளியும்

மொக்தார் டஹாரி 1953-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் செத்தாப்பாக்கில் பிறந்தார். இன்று செத்தாப்பாக் கூட்டரசுப் பிரதேசத்தில் இருக்கிறது. ஆனால் 1974-ஆம் ஆண்டுவரை கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்தவையே. ஆகவே அவர் பிறப்பாலேயே சிலாங்கூர்க்காரர்.

தந்தையார் லோரி ஓட்டுநர். வசதியான குடும்பம் இல்லை. பையனுக்குப் பதினொரு வயதாகும்போது குடும்பம் கம்போங் பாண்டானுக்குக் குடிபெயர்ந்தது. இடைநிலைக் கல்வியைக் கோலாலம்பூரில் புகழ்பெற்ற விக்டோரியா கல்விக்கூடத்தில் பயின்றார். அங்கேதான் அவருடைய காற்பந்து வாழ்வுக்கு வித்து ஊன்றப்பட்டது. பள்ளி அணியில் இடம் கிடைத்தது. பள்ளி அணியிலிருந்து பர்ன்லி கிண்ணப் போட்டிக்கான சிலாங்கூர் இளைஞர் அணி, அதிலிருந்து மாநிலத்தின் பெரிய அணி என்று படிப்படியாக மேலே வந்தார்.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். பணம் கொட்டிப் பயிற்சி கொடுத்து வளர்த்த பிள்ளை அல்லர் அவர். பள்ளித் திடல்தான் அவருக்கு முதல் அரங்கம். நம் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற திடலும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

நிற்காத ஓட்டம்

1972-இல், பதினெட்டே வயதில், ஜகார்த்தாவில் இலங்கைக்கு எதிரான ஆட்டத்தில் நாட்டின் சட்டையை முதன்முதலாக அணிந்தார். அது முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மலேசியக் காற்பந்து என்றாலே அவர் பெயர்தான்.

அவருடைய ஆட்டத்தைப் பார்க்காத பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னால் விளங்கும்? சடுகுடு ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாடிப் போகிறவனை ஏழு பேர் சூழ்ந்து நிற்பார்கள். ஒருவன் காலைப் பிடிப்பான், ஒருவன் இடுப்பைக் கட்டுவான். அவனோ அத்தனை பேரையும் உதறிக்கொண்டு கோட்டைத் தொடுவான். மொக்தார் பந்தோடு ஓடுவதும் அப்படித்தான். பந்தைக் காலில் வாங்கிவிட்டால் மனுஷர் நிற்க மாட்டார். இடிப்பவனை இடித்துக்கொண்டு, பிடிப்பவனை விட்டு விலகிக்கொண்டு, நேராகக் கோலை நோக்கியே ஓடுவார். தொடையில் அத்தனை பலம், உதையில் அத்தனை வேகம். அவருக்குச் சூப்பர்மொக் என்ற பட்டப்பெயர் வந்ததில் வியப்பே இல்லை.

1975-இல் லண்டன் மாநகரின் பெயர்பெற்ற ஆர்சனல் அணி கோலாலம்பூருக்கு வந்து ஆடியது. நம்மவர்கள் 2-0 என்று வென்றார்கள். இரண்டு கோலையும் அடித்தவர் மொக்தார்.

1978-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கத்தில் இங்கிலாந்தின் பி அணியோடு நடந்த ஆட்டம் இன்னும் பெரிதாகப் பேசப்படுகிறது. அந்த அணிக்குப் பொறுப்பாக வந்தவர் பாபி ராப்சன். பின்னாளில் இங்கிலாந்தின் முதன்மை அணியையே நடத்தியவர் அவர். நடுக்கோட்டுப் பக்கத்தில் பந்தைப் பெற்ற மொக்தார், குறுக்கே வந்த தற்காப்பு ஆட்டக்காரர்களை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து ஓடிப்போய்க் கோல் போட்டார். ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்தது. காற்பந்தைப் பெற்ற நாட்டின் முன்னே நம்மாலும் நிமிர்ந்து நிற்க முடியும் என்று காட்டிய ஓட்டம் அது.

1974-இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலப் பதக்கம் வென்றது. 1977-இலும் 1979-இலும் சீ விளையாட்டில் தங்கம் கிடைத்தது. சிவப்பு மஞ்சள் சட்டையில் சிலாங்கூருக்காக மலேசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் அவர் 10 முறை இருந்தார். நாட்டுக்காக ஆடியவை 142 ஆட்டங்கள், அடித்தவை 89 கோல்கள் என்கிறது உலகக் காற்பந்து அமைப்பான ஃபிஃபாவின் கணக்கு. கணக்குப் பாடத்தில் கெட்டிக்கார மாணவர்கள் வகுத்துப் பார்க்கட்டும். எட்டு ஆட்டத்துக்கு ஐந்து கோல் என்ற அளவில் வரும்.

அந்தக் காலத்தில் பந்தை மட்டும் நம்பி யாரும் அடுப்பு மூட்ட முடியாது. ஆட்டக்காரர்கள் வேலைக்கும் போய்க்கொண்டு, வேலை முடிந்து பயிற்சிக்கும் போனார்கள். இன்றைய ஆட்டக்காரர்கள் வாங்கும் சம்பளத்தைக் கேட்டால் அவர்களுக்கு மயக்கமே வந்திருக்கும்.

எல்லாருக்கும் சொந்தக்காரர்

அவரோடு ஆடியவர்களின் பெயர்களையும் சொல்லத்தான் வேண்டும். கோல் காத்தவர் நம்மவரான ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பாய்ந்து பிடித்ததால் சிலந்தி மனிதன் என்று பெயர் பெற்றவர். தற்காப்பில் சோ சின் அவுன், சந்தோக் சிங். முன்வரிசையில் மொக்தார். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என்று நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே சட்டையில் நின்றார்கள்.

உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கோல சிலாங்கூரிலும் புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும், இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தையிலும், தஞ்சோங் காராங்கிலும் ஆட்டம் நடக்கும் இரவில் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும். காலையில் பெரட்டுக்குப் போகவேண்டுமே என்ற கவலை கூட மறந்துபோகும். ஆறுமுகம் பந்தைப் பிடித்தாலும் கைதட்டல்தான், மொக்தார் கோல் போட்டாலும் கைதட்டல்தான். எந்த இனம் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்டதில்லை. மறுநாள் பால்வெட்டும்போதும் அதே பேச்சுத்தான்.

ஆறுமுகம் 1988 டிசம்பர் 18-ஆம் நாள் சாலை விபத்தில், 35 வயதில் மறைந்தார். நாடே அழுதது. அதே ஆண்டில்தான் அவருடைய தோழர் மொக்தாரின் உடலுக்குள்ளும் ஒரு கொடிய நோய் நுழைந்திருந்தது தெரியவந்தது.

நோயும் மறைவும்

அந்த நோய்க்கு இயக்க நரம்பணு நோய் என்று பெயர். கையை நீட்டு, காலை மடக்கு என்று மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்துபோகும். கட்டளை வராத தசை வேலை இல்லாமல் வற்றிப்போகும். நடை போகும், பேச்சுப் போகும், விழுங்குவதும் மூச்சுவிடுவதும் சிரமமாகும். பெரும்பாலோருக்கு அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். தனக்கு நடப்பதையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அதுதான் இந்த நோயின் கொடுமை. இது தொற்றுநோய் இல்லை. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அமெரிக்காவில் லூ கெரிக் என்ற பேஸ்பால் வீரர் இருந்தார். 2,130 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து ஆடி, இரும்புக் குதிரை என்று பெயரெடுத்தவர். அவரையும் இதே நோய்தான் 1941-இல் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 37. அங்கே இந்நோயை அவர் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள். இரும்பு போன்ற உடம்பாக இருந்தாலும் நோய்க்கு அது தெரியாது பாருங்கள்.

மொக்தார் சிகிச்சைக்காக லண்டன்வரை போய்வந்தார். மனைவி உடனிருந்து கவனித்துக்கொண்டார். நோயின் உண்மையான பெயர் அன்று ஊருக்குத் தெரியாது. 2010-இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தின் வழியாகத்தான் பொதுமக்கள் அதை அறிந்தார்கள். 1991-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் சுபாங் ஜெயாவில் உள்ள மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கும் வயது 37 தான். ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று ஆரவாரம் செய்த அந்தக் கால்கள் ஓய்ந்தன.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

பெற்றோர்களே, முதலில் உங்களுக்கு. உடம்பின் பலம் என்பது கொஞ்ச காலத்துக்குக் கிடைக்கும் இரவல். மொக்தாருக்கு அது பதினைந்து ஆண்டு கிடைத்தது. அதை அவர் வீணாக்கவில்லை என்பதால்தான் இறந்து முப்பது ஆண்டு கடந்தும் அவரைப் பற்றி எழுதுகிறோம். உங்கள் பிள்ளையிடம் ஓட்டம் இருந்தால் அது ஓடவேண்டிய வயது இதுதான். மாலையில் ஒரு மணி நேரம் திடலுக்கு அனுப்புங்கள். ஆண் பிள்ளையை மட்டுமல்ல, பெண் பிள்ளையையும் அனுப்புங்கள். இரவில் புத்தகத்தோடு உட்காரவையுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. ஆட்டம் ஒருநாள் முடிந்துவிடும், அன்றைக்குக் கைகொடுக்கப் படிப்பு வேண்டும். அதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

தோட்டத் தோழர்களே, அடுத்தது உங்களுக்கு. கை காலில் பலம் குறைந்தால், பேச்சுக் குழறினால், செய்வினை என்றும் கண்ணேறு என்றும் சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். நோயை மறைப்பதில் பெருமையும் இல்லை, நோய் வருவதில் அவமானமும் இல்லை. மொக்தாருக்கே வந்தது. உடனே அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள். எல்லா பலவீனமும் இந்த நோயாக இருக்காது. குணப்படுத்தக்கூடியவையும் பல உண்டு.

மாணவச் செல்வங்களே, பகாங் மாநிலம் கம்பாங்கில் இளம் ஆட்டக்காரர்களை உருவாக்கும் தேசியக் காற்பந்துப் பயிற்சிக் கழகம் இன்று மொக்தார் டஹாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உங்கள் வயதுப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்துக்கொண்டே பந்தாடுகிறார்கள். லோரி ஓட்டுநரின் மகன் ஓடிக் காட்டிய பாதை அது. செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. இன்று மேடையில் தேர்வுக்கும் பரிசு உண்டு, ஓட்டத்துக்கும் பரிசு உண்டு. இரண்டையும் ஒரே பெருமையோடு வாங்கிச் செல்லுங்கள்.