வத்திராயிருப்புக் கிருஷ்ணனார்

எம்.ரெட்டியபட்டியினின்று மேற்கே செல்வார்க்குக் கரிசற் காடுகளையும் அருப்புக்கோட்டைத் தறியோசையையும் கடந்தபின், மலைத்தொடரின் அடியிலே வத்திராயிருப்பு என்னும் ஊர் எதிர்ப்படும். அவ்வூரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். அந்நாளில் அது திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்திருந்தது. இராமநாதபுரம் ஜில்லா 1910-இல்தான் உருவாயிற்று. தந்தையார் உழவுத் தொழிலோடு தமிழும் வடமொழியும் கற்றவர். அவ்விரு மொழிப் பற்றும் மைந்தரை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஹிந்து உயர்தரப் பாடசாலையிற் பயின்றபின், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்வி தொடர்ந்தார். பின்னர்க் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே ரஸாயனச் செய்முறை காட்டும் ஆசிரியராயினார். நண்பகல் உணவு வேளையில் மாணவர் அவரைச் சூழ்ந்துகொண்டு, பௌதிகமோ கணிதமோ ரஸாயனமோ, தமக்கு எழுந்த ஐயமெல்லாம் வினவுவராம். பிற கல்லூரி மாணவரும் அக்கூட்டத்தை நாடி வந்தனர் என்ப. தேர்வுக்காக மட்டும் படிக்கும் நம்மனோர்க்கு அக்காட்சி சற்றே பொறாமை விளைப்பது.

1920-இல் கல்கத்தா சென்றார். 1923 முதல் ஸி. வி. ராமன் அவர்களின் கீழ் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1928 பிப்ரவரியில் நிகழ்ந்தது உலகறிந்த செய்தி. தூய்மை செய்யப்பட்ட நீர்மங்களில் ஊதா வடிகட்டியினூடே சூரிய ஒளியைச் செலுத்தி, சிதறி வரும் ஒளியைப் பச்சை வடிகட்டி கொண்டு நோக்கினர். முற்றும் மறைந்திருக்க வேண்டிய ஒளி மறையாது நின்றது. ஏறத்தாழ 60 நீர்மங்களில் இச்சோதனை நடைபெற்றது. அவற்றைத் தூய்மை செய்வதிலும், இருளறையில் அமர்ந்து நாள்தோறும் கண்டு குறிப்பதிலும் கிருஷ்ணனார் பட்ட பாடு சிறிதன்று. முதல் அறிக்கையில் ராமன், கிருஷ்ணன் என்னும் இருவர் பெயருமே உள. எனினும் 1930-இல் நோபெல் பரிசு ராமன் ஒருவர்க்கே வழங்கப்பட்டது. அவ்விளைவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. திட்டமும் தூண்டுதலும் ராமனுடையவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பங்காளியின் பெயர் பள்ளிப் புத்தகங்களிலும் இடம்பெறாது போவது முறையன்று என்றே எமக்குத் தோன்றுகின்றது. கிருஷ்ணனார் இதுபற்றிப் பொதுமன்றில் வழக்காடினாரல்லர். 1928-ஆம் ஆண்டின் இறுதியிலேயே டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்று, புதியதொரு வேலையைத் தொடங்கினார்.

அவ்வேலைதான் படிக ஆராய்ச்சி. அடுக்களைக் கல்லுப்பை எடுத்து நோக்குக. அதன் முகங்கள் சதுரமாய், விளிம்புகள் நேராய் இருக்கும். உள்ளே அணுக்கள் வரிசை பிறழாது அடுக்கப்பட்டிருத்தலே காரணம். உடைந்த கண்ணாடி வளையலில் அத்தகைய ஒழுங்கு இல்லை. அணுக்கள் அங்கே சந்தைக் கூட்டம்போல் நெருங்கி நிற்பனவேயன்றி, அணிவகுத்து நிற்பனவல்ல. முன்னது படிகம், பின்னது படிகமில்லாத நிலை.

படிகங்கள் பலவற்றின் காந்தவியல்பு திசைக்குத் திசை வேறுபடும். கிருஷ்ணனாரும் அவர்தம் மாணவர் பானர்ஜியும் ஒரு சிறு படிகத்தை மிக நுண்ணிய குவார்ட்ஸ் இழையிற் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டனர். இழையின் தலையைச் சிறிது சிறிதாக முறுக்க, படிகம் தன் திசையை விடாது எதிர்த்து நிற்கும். ஓர் எல்லை கடந்ததும் திடுமெனப் புரண்டுவிடும். அவ்வெல்லைக் கோணத்திலிருந்து காந்த வேறுபாட்டைக் கணக்கிட்டனர். கண்ணாடி உருண்டையாயின் எப்பக்கம் திருப்பினும் அதற்கு ஒன்றே. இம்முறையால் நாப்தலீன், ஆந்திரஸீன் முதலியவற்றின் தட்டையான மூலக்கூறுகள் படிகத்தினுள் எவ்வாறு சாய்ந்துள்ளன என்பதும் அறியலாயிற்று. விலையுயர்ந்த கருவி ஏதுமில்லை. இழையும் காந்தமும் பொறுமையுமே வேண்டியிருந்தன. 1933-இல் மீண்டும் கல்கத்தா சென்று பேராசிரியரானார். 1940-இல் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

1942-இல் அலகாபாத் சர்வகலாசாலையை அடைந்தபின் அவர் எடுத்துக்கொண்ட வினா இன்னும் அரியது. உலோகம் உருகி ஒழுங்கிழந்தால் அதில் மின்சாரம் எங்ஙனம் தடையுறும்? அணுக்கள் தாறுமாறாய் நிற்பினும் அண்டை அணுக்களின் இடைவெளி முற்றும் விதியற்றதன்று. எக்ஸ் கதிர் அவ்வமைப்பிற் சிதறுவது போன்றே எலெக்ட்ரான் அலையும் சிதறும் எனக் கொண்டு, பாட்டியா என்பாருடன் 1945-இல் மின்தடையைக் கணித்துக் காட்டினார்.

நிற்க. ஒழுங்கற்ற உலோகம் உருகிய நிலையில் மட்டுமே உண்டு என எண்ணற்க. நிக்கல் உப்புக் கரைசலில் பாஸ்பரஸ் சேர்மத்தையும் இட்டு மின்சாரம் செலுத்தி முலாம் பூசின், இரண்டும் கலந்து படலமாய்ப் படியும். பாஸ்பரஸ் குறைவாயின் அப்படலம் நுண்படிகங்களால் ஆகியது. நூற்றுக்கு 10 பங்கு எடைக்கு மேல் ஏறினாலோ, அளவில் வேறுபட்ட பாஸ்பரஸ் அணுக்கள் இடையிற் புகுந்து நிக்கலின் வரிசையைக் குலைத்துவிடும்; படலம் கண்ணாடி போன்ற நிலையை எய்தும். அதனை 400 பாகை ஸென்டிகிரேட் அளவிற் சூடாக்கின், நிக்கலும் நிக்கல் பாஸ்பைடும் படிகங்களாய்ப் பிரியும், கடினமும் மிகும். கிருஷ்ணனார் முலாம் பூசினாரல்லர். அத்தகைய கலையை ஆராய்தற்கென, வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பட்ட நிலையம் காரைக்குடியில் உள்ளது. ஆங்குப் படியும் உலோகக் கலவைப் படலங்களுக்கும் அவர் கேட்ட வினா பொருந்துவதே.

1946-இல் ஸர் பட்டம் பெற்றார். புதுடில்லியில் தேசீய பௌதிகச் சோதனைச்சாலை அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். 1954-இல் பத்மபூஷண் விருதும், 1958-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பட்நாகர் பரிசும் அவரை வந்தடைந்தன. 1961 ஜூன் 14-ஆம் நாள் டில்லியில் உயிர் நீத்தார். அதே ஆண்டில் ஸைமன் என்னும் ஆங்கிலேய அறிஞர் உருகிய உலோகங்களின் மின்தடை பற்றிய தமது கொள்கையை வெளியிட்டார். அதன் வழி, பதினாறு ஆண்டுகளுக்கு முன் அலகாபாத்தில் கிருஷ்ணனார் வகுத்த வழியேயாம்.