ரொட்டி கொடுத்து எழுத்து வாங்கியவன்!

பால்டிமோர் நகரம். துறைமுகத்தை ஒட்டிய தெரு. கறுப்புச் சிறுவன் ஒருவன் கடைக்கு ஓடுகிறான். எஜமானி ஏவிய வேலை. பையிலே எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாட நூல் ஒன்று, கூடவே ரொட்டித் துண்டு. ஓட்டமும் நடையுமாக வேலையை முடித்துவிட்டு, மிச்சம் பிடித்த நேரத்திலே, தெருவில் விளையாடும் வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் போய் நிற்கிறான். அந்தப் பிள்ளைகள் ஏழைகள். அவர்கள் வயிற்றிலே பசி. இவனுக்கோ வேறு பசி. ரொட்டியைக் கொடுக்கிறான், பாடம் கேட்கிறான். அவர்கள் தின்கிறார்கள், சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பண்டமாற்று நடக்கிறது, தோழர்களே! உப்புக்கு நெல் கொடுத்தவர் உண்டு, மிளகுக்குப் பொன் கொடுத்தவர் உண்டு. எழுத்துக்கு ரொட்டி கொடுத்தான் இந்தச் சிறுவன். ஏன் இப்படி ஒளிந்து ஒளிந்து கற்க வேண்டும்? பள்ளிக்கூடம் போகக் கூடாதா? கூடாது! அவன் அடிமை.

பெயர் பிரெடரிக் பெய்லி. பிரெடரிக் டக்ளஸ் என்று பின்னாளிலே உலகம் அறிந்தது இவனைத்தான். அமெரிக்க நாட்டிலே மேரிலாந்து மாநிலத்தில் 1818-இல் பிறந்தான். எந்த நாளில் பிறந்தான் என்பது அவனுக்கே தெரியாது. கொட்டடியிலே பிறக்கும் குதிரைக் குட்டிக்கு ஜாதகம் கணிப்பார் உண்டோ! தாய் ஹாரியட் வேறோர் பண்ணையிலே வயல்வேலை செய்தாள். பகலெல்லாம் பாடுபட்டு, இரவிலே பன்னிரண்டு மைல் நடந்து வந்து, பிள்ளையை அணைத்துத் தூங்க வைத்துவிட்டு, விடிவதற்குள் திரும்பி நடப்பாள். அதுவும் சில தடவைதான். பிள்ளைக்கு ஏழு வயது இருக்கும்போது அவளும் மறைந்தாள்.

1826-இல், எட்டு வயதிலே, பால்டிமோர் நகருக்கு அனுப்பப்பட்டான், ஹியூ ஆல்ட் என்பவரின் வீட்டுக்கு. வீட்டுக்காரி சோபியா அதற்கு முன் அடிமை வைத்திருந்து பழகாதவள். ஆகவே அவளுக்குப் பையன் பையனாகவே தெரிந்தான். எழுத்துக்களைச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று நான்கு எழுத்துச் சொற்களைக் கூட்டவும் பழக்கினாள்.

கணவன் கண்டுபிடித்தான், கொதித்தான். அடிமைக்குப் படிப்புச் சொல்லித் தந்தால் அவன் கெட்டான். பிறகு அவனை அடக்கி வைக்க யாராலும் ஆகாது. அவனுக்கும் நிம்மதி போய்விடும் என்று எச்சரித்தான். பையன் காதுபடவே பேசினான். அதுதான் அந்த எஜமானன் செய்த பெரும் பிழை!

எட்டு வயதுப் பிள்ளைதான். ஆனாலும் கணக்குப் போட்டான். இவர் இதற்கு இத்தனை அஞ்சுகிறார் என்றால், இதிலே ஏதோ இருக்கிறது. அவர் எதைத் தீமை என்கிறாரோ அதுவே எனக்கு நன்மை. அவர் எதைப் பூட்டி வைக்கிறாரோ அதையே நான் தேட வேண்டும். எழுத்தின் அருமையை அவனுக்கு எடுத்துச் சொன்ன முதல் ஆசான், எழுத்தைத் தடுத்தவனேதான்!

சோபியாவும் மாறினாள். அடிமைமுறை அடிமையை மட்டுமா கெடுக்கிறது? எஜமானியையும் கெடுத்தது. பையன் கையிலே பத்திரிகையைக் கண்டால் பாய்ந்து வந்து பிடுங்குவாள். தனியறையிலே சற்று நேரம் அரவமின்றி இருந்தால், எங்கே, என்ன செய்கிறாய் என்று அழைத்து விசாரணை. வீட்டிலே வழி அடைபட்டது. தெருவிலே திறந்தது. அப்போது பிறந்ததுதான் அந்த ரொட்டி வியாபாரம்.

பின்னாளிலே தன் வரலாற்றை எழுதியபோது, பாடம் சொன்ன அந்தப் பிள்ளைகள் குடியிருந்த தெருவைக் குறிப்பிட்டார், பெயர்களைக் குறிப்பிடவில்லை. மறந்துவிட்டாரா? இல்லை. அடிமைக்கு எழுத்தறிவித்தான் என்ற பழி அவர்கள் மேல் விழக் கூடாதே என்ற நன்றியுணர்வு!

பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆயிற்று. பூட்சுக்குப் பாலிஷ் போட்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு ஐம்பது சென்ட் அவனிடம் இருந்தது. மிட்டாய் வாங்கவில்லை, சட்டை வாங்கவில்லை, புத்தகம் வாங்கினான். 'கொலம்பியன் ஆரேட்டர்' என்பது அதன் பெயர். காலெப் பிங்காம் என்ற ஆசிரியர் தொகுத்து 1797-இல் வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகள் மேடைப் பேச்சுப் பழகுவதற்கான பாட நூல். அந்தத் தெருப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதைப் பார்த்துத்தான் இவனும் வாங்கினான்.

அந்த நூலிலே ஓர் உரையாடல். ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமைக்கும் ஆண்டைக்கும் வாதம். ஆண்டை அடுக்குகிறான், உன்னை நல்லபடி வைத்திருந்தேனே, நன்றி கெட்டவனே என்று. அடிமை ஒவ்வொன்றுக்கும் பதில் தருகிறான். அமைதியாக, அறிவோடு, அசைக்க முடியாதபடி. முடிவிலே வாயடைத்துப் போன ஆண்டை, அடிமையை விடுதலை செய்கிறான்! இதைப் படித்தான் பையன். மறுபடி படித்தான். மறுபடியும், மறுபடியும் படித்தான். தன் நெஞ்சிலே நெடுநாளாகப் புகைந்து கொண்டிருந்ததற்கு, சொல் கிடைக்காமல் செத்துப்போன எண்ணங்களுக்கு, அந்தப் புத்தகம் நாக்குக் கொடுத்தது.

மகிழ்ச்சி பொங்கியிருக்கும் என்றுதானே எண்ணுகிறீர்கள்? இல்லை. எஜமானன் சொன்னதிலே ஒன்று பலித்துவிட்டது. நிம்மதி போயிற்று! படிக்கப் படிக்கத் தன் நிலை தெரிந்தது. நிலை தெரிந்தது, தப்பும் வழி தெரியவில்லை. எழுத்தறியாத மற்ற அடிமைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். சிந்திக்கத் தெரியாத விலங்காகப் பிறந்திருக்கலாமே என்றும் ஏங்கினான். புத்தகம் புண்ணைக் காட்டிற்று, மருந்தைக் காட்டவில்லை.

மருந்து ஒரு சொல்லிலே இருந்தது. ஆங்கிலத்திலே 'அபாலிஷன்' என்பார்கள். நம் மொழியிலே 'ஒழிப்பு'. ஓர் அடிமை ஓடிப்போனாலும், ஒருவன் ஆண்டையைத் தாக்கினாலும், எங்கோ ஒரு களஞ்சியம் தீப்பிடித்தாலும், எல்லாம் இந்த 'ஒழிப்பு' செய்த வேலை என்று வெள்ளைக்காரர்கள் பொருமுவது அவன் காதிலே விழும். அது என்ன? அகராதியைப் புரட்டினான். ஒழிப்பு என்றால் ஒழிக்கும் செயல் என்றது அகராதி! எதை ஒழிப்பது? அதை அது சொல்லவில்லை. யாரிடமும் கேட்கவும் அச்சம். எஜமானர்கள் பல்லைக் கடித்துக் கொண்டு உச்சரிக்கும் சொல்லின் பொருளை, ஓர் அடிமைப் பிள்ளை வாய்விட்டுக் கேட்கலாமா!

காத்திருந்தான். ஒருநாள் பத்திரிகை ஒன்று கைக்கு எட்டியது. தலைநகர் இருக்கும் கொலம்பியா மாவட்டத்திலே அடிமைமுறையை ஒழிக்கும்படி, வடபகுதி மக்கள் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார்கள் என்ற செய்தி. புரிந்தது! அகராதி சொல்லாமல் விட்டதைப் பத்திரிகை சொல்லிற்று. எங்கோ முகம் தெரியாத மனிதர்கள், தன் விலங்கை உடைக்கக் கையெழுத்துப் போடுகிறார்கள். அன்று முதல் அந்தச் சொல் எங்கே கேட்டாலும் அங்கே நெருங்கி நிற்பான்.

இன்னொரு நாள், துறையிலே படகிலிருந்து கல் இறக்கிய ஐரிஷ்காரர் இருவருக்கு, கேட்காமலே கை கொடுத்தான். ஆயுள் முழுதும் அடிமையா நீ என்று அவர்கள் இரங்கினார்கள். வடக்கே ஓடிவிடு என்றார்கள். பொறியோ என்று பயந்து, புரியாதவன்போல நின்றான். உள்ளத்திலே மட்டும் குறித்துக் கொண்டான். ஓடுவதானால் அனுமதிச்சீட்டு வேண்டும். அதைத் தானே எழுதிக் கொள்ள, எழுதக் கற்க வேண்டும்!

கப்பல் கட்டும் பட்டறையிலே தச்சர்கள், எந்தப் பலகை எந்தப் பக்கத்துக்கு என்பதற்காக எழுத்திட்டு வைப்பார்கள். இடப்பக்கமானால் 'எல்', வலப்பக்கமானால் 'எஸ்', முன்புறத்துக்கு 'எஃப்', பின்புறத்துக்கு 'ஏ'. நான்கு எழுத்து பட்டறையிலே கிடைத்தது. மற்றவற்றுக்கு? தெருப் பையன்களிடம், உன்னைவிட நான் நன்றாக எழுதுவேன் என்று சவால் விடுவான். அவர்கள் எழுதிக் காட்டுவார்கள், இவன் பிடித்துக் கொள்வான். சுவரும் வேலியும் நடைபாதையும் சிலேட்டு, சுண்ணாம்புக்கட்டி எழுதுகோல். எஜமானர் மகன் எழுதித் தள்ளிவிட்ட பழைய நோட்டுகளிலே, வரிகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்திலே எழுதிப் பழகினான்.

1833-இல் மறுபடி கிராமத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டான். அங்கே தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைத் தடியோடு வந்த கூட்டம் கலைத்தது. திமிரை அடக்குவதையே தொழிலாகக் கொண்ட கோவி என்பவனிடம் ஓராண்டு விடப்பட்டான். சவுக்கடி தாங்காமல், 1834-இல் ஒருநாள் திருப்பிப் பிடித்து மல்லுக்கு நின்றான். அதன் பிறகு அவன்மீது சவுக்கு விழவில்லை. அடுத்த பண்ணையிலே மீண்டும் இரகசியப் பள்ளி! நாற்பது பேருக்கு மேல், இளைஞரும் பெரியவரும், பிடிபட்டால் முதுகு உரியும் என்று தெரிந்தே வந்து எழுத்துக் கூட்டினார்கள்.

1836-இல் தோழர்களோடு தப்பத் திட்டமிட்டான். எல்லோருக்கும் சீட்டு எழுதியது அவன் கை. திட்டம் வெளியாகிவிட்டது, கட்டி இழுத்துச் சென்றார்கள். சீட்டை என்ன செய்வது என்று கேட்ட தோழனிடம், ரொட்டியோடு சேர்த்துத் தின்றுவிடு என்றான். ரொட்டி கொடுத்து வாங்கிய எழுத்து, ரொட்டியோடு வயிற்றுக்குள் போய் அவர்களைக் காத்தது!

1838 செப்டம்பர் 3. மாலுமி உடை, இரவல் வாங்கிய அடையாளச்சீட்டு, இரயில் பயணம். தப்பினான். சுதந்திரப் பெண்ணான அன்னா மர்ரே உதவினாள், மனைவியும் ஆனாள். புது ஊரிலே புதுப் பெயர் வேண்டுமே? அடைக்கலம் தந்த நண்பர், தாம் படித்துக் கொண்டிருந்த வால்டர் ஸ்காட்டின் காவியத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார், டக்ளஸ் என்று. அந்தப் பெயரும் ஏட்டிலிருந்து வந்ததுதான்!

பிறகு நடந்ததை நாடறியும். 1841-இல் மேடை ஏறினார். 1845-இல் தன் வரலாற்றை எழுதினார். 1847-இல் 'வடமீன்' என்று பொருள்படும் பெயரிலே சொந்தப் பத்திரிகை தொடங்கினார். பத்திரிகையைப் பிடுங்கிய வீட்டிலே வளர்ந்தவர் பத்திரிகையாசிரியரானார்! உள்நாட்டுப் போரின்போது லிங்கனைச் சந்தித்து, கறுப்பின வீரர்களின் உரிமைக்காக வாதாடினார். 1865-இல் அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. அகராதியிலே பொருள் கிடைக்காமல் தவித்த சொல், சட்டப் புத்தகத்திலே பொருள் பெற்றது. 1895 பிப்ரவரி 20-ஆம் நாள் மறைந்தார்.

தோழர்களே! உழைத்துக் களைத்து வந்து ஏட்டைப் பிரிக்கும்போது, புரியாத சொல் ஒன்று குறுக்கிட்டால் தாண்டிப் போய்விடாதீர்கள். நின்று கேளுங்கள், அகராதி கைவிட்டாலும் விடாதீர்கள். எழுத்துத் தெரியாத தோழர் ஒருவர் பக்கத்திலே இருந்தால், படித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், படிக்கவும் கற்றுக் கொடுங்கள். அதற்கு விலையாக அவரிடம் ரொட்டி கேட்க வேண்டாம். அந்த விலையைத்தான் ஒரு சிறுவன் பால்டிமோர் தெருவிலே என்றோ கொடுத்துவிட்டானே!