டவ் ஆற்றங்கரைப் புலவர்

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் டவ் என்னும் சிற்றாறு ஒன்று ஓடுகின்றது. ஸ்டாபோர்டுஷயர், டார்பிஷயர் என்னும் இரு மாவட்டங்களுக்கும் அஃது எல்லையாக உள்ளது. சுண்ணாம்புப் பாறைகளினூடே பாய்ந்து வருவதால் அதன் நீர் பளிங்கெனத் தெளிந்திருக்கும். அவ்வாற்றின் கரையில் இருந்த பெரஸ்போர்டு மாளிகையில், 1630 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் நாள், சார்லஸ் காட்டன் பிறந்தார்.

காட்டன் செல்வக் குடியில் தோன்றியவர். பிரெஞ்சு முதலிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்தவர். கவி பாடும் ஆற்றலும் வாய்ந்தவர். 1658 ஆம் ஆண்டில் தந்தையார் இறந்தபொழுது, நிலமும் மாளிகையும் அவருக்கு உரிமையாயின. அவற்றோடு கடனும் வழக்கும் உடன் வந்தன. காட்டனோ சிக்கனம் அறியாதவர். வரவினும் செலவு மிகுந்தது. ஆண்டுதோறும் கடன் வளர்ந்தது. கடன் கொடுத்தோர் தேடி வரும்பொழுது, மாளிகைக்கு அருகிலுள்ள குகையில் அவர் ஒளிந்துகொள்வார் என அவ்வூரார் வழிவழியாகக் கூறி வந்தனர்.

இத்தகைய இடர்களுக்கிடையே அவருக்கு ஆறுதல் அளித்தது டவ் ஆறே. அவ்வாற்றில் டிரவுட் என்னும் மீன் வாழ்கின்றது. அது கூரிய பார்வை உடையது. கரையில் ஒரு நிழல் அசைந்தாலும் ஓடி ஒளிவது. நீரடியில் வளர்ந்து, சிறகு முளைத்து மேலே பறக்கும் சிற்றீக்களை அது விரும்பி உண்ணும். அவ்வீக்களோ மிக மெல்லியன. அவற்றை முள்ளிற் கோத்தால் சிதைந்துபோம். ஆதலின், இறகும் மயிரும் பட்டு நூலும் கொண்டு ஈயின் உருவைத் தூண்டில் முள்ளின்மேல் கட்டி, அதனை நீர்மேல் வீசி மீன் பிடிப்பர். இதனைப் பொய்யீ எனலாம். பொய்யீ கட்டுவதில் காட்டனுக்கு நிகராவார் அந்நாளில் அரியர்.

அக்காலத்தில் ஐசக் வால்டன் என்னும் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் இலண்டன் மாநகரில் கடை வைத்து வாழ்ந்த வணிகர். தூண்டிற் கலையைப் பற்றி அவர் இயற்றிய நூல் 1653 ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. புழு முதலிய இரைகளைக் கொண்டு மீன் பிடிப்பதில் வால்டன் வல்லவர். பொய்யீயைப் பற்றியோ அவர் அறிந்தது சிறிதே. அப்பகுதியைத் தாமஸ் பார்க்கர் என்பாரிடமிருந்து பெற்றே எழுதினார். அவ்வுண்மையை அவர் மறைக்கவில்லை. தம் நூலிலேயே வெளிப்படக் கூறினார். பெரியோர் இயல்பு அதுவன்றோ!

வால்டன் காட்டனினும் 37 ஆண்டுகள் மூத்தவர். ஆயினும் அகவை அவர்தம் நட்புக்குத் தடையாகவில்லை. காட்டன் வால்டனைத் தந்தை என்றே அழைத்தார். வால்டனும் அவரை மகனாகவே கொண்டார். 1674 ஆம் ஆண்டில் காட்டன் ஆற்றங்கரையில் கல்லால் ஒரு சிறு மனை கட்டுவித்தார். அதன் வாயிலின்மேல், தம் பெயரின் முதலெழுத்துகளையும் வால்டன் பெயரின் முதலெழுத்துகளையும் ஒன்றோடொன்று பிணைத்துப் பொறிக்கச் செய்தார்.

1676 ஆம் ஆண்டில் வால்டனின் நூல் ஐந்தாம் முறையாக அச்சாக இருந்தது. அதில் பொய்யீயைப் பற்றிய குறையை நிறைக்கும் பொறுப்பு காட்டனிடம் வந்தது. காலமோ குறுகியது. எனினும் பத்து நாள்களுக்குச் சற்று மிகையான காலத்தில் அவர் அப்பகுதியை எழுதி முடித்தார். பல்லாண்டுப் பயிற்சி கையில் இருந்தமையால் எழுத்தும் தடையின்றி ஓடியது.

ஆற்றங்கரை மனையில் ஆசிரியர் ஒருவர் வழிப்போக்கர் ஒருவருக்குக் கற்பிக்கும் உரையாடலாக அப்பகுதி அமைந்துள்ளது. வழிப்போக்கர் தாம் இலண்டனிலிருந்து கொணர்ந்த பொய்யீயைக் காட்டுகின்றார். அதன் உடல் பருத்திருக்கின்றது. ஆசிரியர் அதனைக் கண்டு நகைத்து, சாளரத்தில் தொங்கவிடுதற்கே அஃது ஏற்றது என்கின்றார். தெளிந்த நீரில் வாழும் மீனைப் பருத்த ஈ ஏமாற்றாது. மெலிந்த ஈயே வேண்டும் என்பது அவர் கருத்து.

பின்னர் ஆசிரியர் தாமே ஓர் ஈயைக் கட்டிக் காட்டுகின்றார். இடக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே முள்ளை அழுத்திப் பிடிக்கவேண்டும். ஈயின் நிறத்திற்கேற்ற பட்டு நூலில் அதே நிற மெழுகைத் தடவி, முள்ளின் வெறுந்தண்டில் இரண்டு மூன்று சுற்றுகள் சுற்றவேண்டும். கட்டு நழுவாதிருப்பதற்கும், இரும்பு உராய்ந்து தூண்டில் மயிர் அறாதிருப்பதற்கும் இச்சுற்றே காவல். அந்நாளைய முள்ளில் கயிறு கோக்கத் துளை இல்லை. ஆதலின் குதிரை மயிராலான கயிற்றைத் தண்டோடு வைத்து இறுகக் கட்டினர். அடுத்து, சிறகுக்குரிய இறகைச் சிறிதளவே எடுத்துக் கட்டி, அதன் மிகுதியைக் கத்தரிக்கவேண்டும். பின் பட்டு நூலில் மென்மயிரை முறுக்கிச் சுற்றி, ஈக்கு உடல் அமைக்கவேண்டும். இறுதியில் இறகை இரு சிறகுகளாகப் பிரித்து, இடையே நூலைக் குறுக்காக இட்டுக் கட்டவேண்டும்.

கரடி மயிர், முயல் மயிர், காட்டு வாத்தின் இறகு, மயிலிறகு எனப் பல பொருள்களை அவர் எடுத்துரைக்கின்றார். மயிரின் உண்மை நிறத்தை அறிய விரும்புவோர், கண்ணுக்கும் கதிரவனுக்கும் இடையே அதனைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கவேண்டும் என்கின்றார். எந்தத் திங்களில் எந்த ஈ பறக்கும் என ஆராய்ந்து, 60-க்கும் மேற்பட்ட ஈக்களைத் திங்கள்தோறும் வகுத்துள்ளார். முள்ளுக்கு அருகில் இரண்டே குதிரை மயிர்களைக் கொண்டு, தடையற்ற ஆற்றில் 20 அங்குல மீனைப் பிடிக்க இயலாதவன் தூண்டிற்காரன் ஆகான் என்பது அவர் துணிபு. வலிமையினும் நுண்மையும் பொறுமையுமே இக்கலைக்கு உயிர் என அவர் கருதினார்.

காட்டன் விடுத்த கையெழுத்துப் படி இலண்டனில் வால்டன் கைக்குச் சேர்ந்தது. வால்டன் அகமகிழ்ந்து, தம் நூலோடு அதனையும் சேர்த்து அச்சிடச் செய்தார். அப்பொழுது அவருக்கு அகவை 83. இருவருக்கும் இடையே நூறு மைலுக்கு மேல் தொலைவு. முதுமையையும் தொலைவையும் மறந்து, அடுத்த திங்களிலேயே நண்பரைக் காணப் புறப்படப்போவதாக அவர் மடல் எழுதினார். தாம் அறியாததைத் தம்மின் இளையவர் அறிந்திருப்பது கண்டு அம்முதியவர் அழுக்காறு கொள்ளவில்லை; பெருமிதமே கொண்டார்.

கடன் சுமை மட்டும் காட்டனை விட்டபாடில்லை. 1681 ஆம் ஆண்டில் அவர் பிறந்த மாளிகையும் விலைபோயிற்று. 1683 ஆம் ஆண்டு டிசம்பர் 15 ஆம் நாள் வால்டன் தம் தொண்ணூறாம் அகவையில் வின்செஸ்டர் நகரில் உயிர் நீத்தார். இல்லமும் நண்பரும் நீங்கிய நிலையிலும் காட்டன் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. பிரெஞ்சுப் பேரறிஞர் மாந்தேனின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1685 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டார். 1687 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், கடன் தீராமலே, இலண்டனில் மறைந்தார்.

பெரஸ்போர்டு மாளிகை 19 ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. முன்னோர் ஈட்டிய செல்வம் சென்றவிடம் தெரியவில்லை. ஆனால் ஆற்றங்கரைச் சிறு மனை இன்றும் நிற்கின்றது. அதன் வாயிலில் இரு நண்பர்தம் பெயரெழுத்துகளும் பிணைந்தே உள்ளன. இருவர் பெயரும் தாங்கிய நூலோ பன்னூறு முறை அச்சேறியுள்ளது. விரல் நுனியில் அடங்கும் ஒரு சிற்றீயைச் செம்மையாகக் கட்டக் கற்றவர், அதனைப் பிறர்க்கு மறையாது கற்பித்தார். அதனால் அவர் பெயர் நிலைபெற்றது. செய்யும் தொழில் சிறிதாயினும், அதனைத் திருந்தச் செய்வோர் என்றும் சிறியர் ஆகார்.