அயலாரைத் தம்மவராக்கிய அன்பர்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றியவர் வேதநாயகம் பிள்ளை. மாயூரத்தில் முன்சீபாக அமர்ந்து நடுவுநிலை பிறழாது நீதி வழங்கியவர். 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தமிழுக்கு அளித்தவர்.

சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார். வேதநாயகரோ திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைச் செய்யுளால் போற்றினார். கிறித்தவத்தில் ஊன்றி நின்றவரின் நட்புக்குச் சமயம் வேலியாகவில்லை.

1876ஆம் ஆண்டு தாது வருடப் பஞ்சம் தமிழகத்தை வாட்டத் தொடங்கியது. பசித்தவர்க்குத் தம் பொருளை வாரி வழங்கினார் வேதநாயகர். கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கீர்த்தனையாக்கினார்.

1889இல் அவர் மறைந்தார். இறையன்பை ஏட்டில் மட்டும் எழுதாமல், அயலார் பசியிலும் நண்பர் நெஞ்சிலும் எழுதிச் சென்றவர் அவர்.