தோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளையில், 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெற்றாரில்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராய்ப் புகழ் ஓங்கிய வேளையில் அப்பதவியைத் துறந்தார். 1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியஞ் செய்யச் சென்றார். ரயில்வே ஜங்ஷன் என்பதொழிய அக்காலத்தில் வேறு பெருமையில்லாத ஊர் அது. கூடாரத்தில் குடியிருந்து தெலுங்கு கற்றார். (பிறமொழி நாட்டில் வாழும் நாம் அவ்வளவு முயன்றோமா என்பது ஐயமே!)

1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். 1920இல் கேம்பிரிட்ஜ் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. ஆயினும் சீடர் பாதங் கழுவிய ஆண்டவரைக் கண்முன் வைத்திருந்த அவருக்குப் பட்டம் பாரமாகவில்லை. முன்போலவே மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும், ஊர் ஒதுக்கிய ஏழைகளின் சேரிகளை நாடிச் சென்றார். 1945 ஜனவரி 1ஆம் நாள் தோர்ணக்கல்லிலேயே காலமானார்.