ராஜா கேட்டும் பாட மறுத்தவர்: ஊர் ஊராகப் போய் பாடிய வேதநாயகம் சாஸ்திரியார்

தஞ்சாவூர்: தமிழ்நாட்டில் கிறிஸ்தவ ஆலயங்களில் இன்றைக்கும் பாடப்படும் கீர்த்தனைகளில் பலவற்றை எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு சேர்த்து இவரைப் பலர் குழப்பிக் கொள்வது உண்டு. அவர் வேறு, இவர் வேறு. சாஸ்திரியார் அவருக்கு ஒரு தலைமுறைக்கும் முந்தியவர்.

1774-ம் ஆண்டு திருநெல்வேலி சீமையில் பிறந்தார். அப்பா தேவசகாயம் கிறிஸ்தவத்துக்கு மாறியவர். சிறுவனுக்கு சுமார் 12 வயது இருக்கும்போது, பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் அவனைப் படிக்க வைப்பதாகச் சொல்லி தஞ்சாவூருக்குக் கூட்டி வந்துவிட்டார்.

ஒரே வாத்தியார்

அதே சுவார்ட்ஸ் பாதிரியார்தான் தஞ்சை இளவரசர் சரபோஜிக்கும் பாதுகாவலர், வாத்தியார். ராஜா வீட்டுப் பிள்ளையும் நெல்லைச் சிறுவனும் இப்படி ஒரே குருவுக்கு மாணவர்கள் ஆனார்கள். தரங்கம்பாடியிலும் படித்த வேதநாயகம், 1794-ல் 19 வயதிலேயே தஞ்சையில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் சர்ச்சுகளில் பாடியதெல்லாம் பெரும்பாலும் ஜெர்மன் பாட்டுகளின் தமிழாக்கம்தான். மெட்டும் அந்த ஊர் மெட்டு. வயலில் வேலை செய்யும் சனங்களுக்கு அது ஒட்டவில்லை. சாஸ்திரியார் வேறு வழி பிடித்தார்.

ஏற்றம் இறைக்கிறவன் பாடுவது போல ஞான ஏற்றப்பாட்டு எழுதினார். பொம்பளைகள் கும்மி அடிப்பது போல சாஸ்திரக் கும்மி எழுதி, சகுனம், நல்ல நேரம் பார்ப்பதைக் கிண்டல் செய்தார். நொண்டி நாடகத்தையும் விடவில்லை. 1800-ஐ ஒட்டி எழுதிய பெத்லேகம் குறவஞ்சியில் குறத்தி வந்து குறி சொல்கிறாள். ஆனால் அவள் சொல்வது இயேசுவின் கதை. அதற்குள்ளேயே பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற வானசாஸ்திரமும் வருகிறது.

எழுதி வைத்ததோடு நிற்கவில்லை. தரங்கம்பாடி, திருச்சி, நெல்லை, சென்னை என்று பயணம் போனார். காலட்சேபம் மாதிரி பாடுவார், நிறுத்தி விளக்கம் சொல்வார், மறுபடி பாடுவார். பிரசங்கம் கேட்க வராதவர்களும் பாட்டு கேட்க வந்தார்கள். இவர் எழுதிய நூல்கள் நூறுக்கும் மேல் என்கிறார்கள்.

வேலை போனது

1798-ல் சுவார்ட்ஸ் இறந்துவிட்டார். பிறகு வந்த புது பாதிரிமார்களுக்கும் சாஸ்திரியாருக்கும் ஒத்துப் போகவில்லை. பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள், தமிழ்ப் பாட்டுகளையும் வழக்கங்களையும் குறைக்கப் பார்த்தார்கள். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார்.

இதில் இவர் பக்கம் ஒரு பெரிய குறையும் உண்டு. சர்ச்சுக்குள் சாதி பார்த்து தனித்தனியாக உட்கார்வதை ஒழிக்க வேண்டும் என்றார்கள் பாதிரிமார்கள். சாஸ்திரியாரோ பழைய வழக்கத்துக்கே வக்காலத்து வாங்கினார். எல்லாருக்கும் ஒரே மெட்டில் பாடியவர், எல்லாரும் ஒரே பாயில் உட்கார சம்மதிக்கவில்லை. 1829-ல் மிஷன் வேலை போனது. சபைக்குள் சாதி கூடாது என்று 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் உத்தரவே போட்டார்.

கை கொடுத்த ராஜா

55 வயதில் வேலை இல்லாமல் நின்றவருக்கு கை கொடுத்தது சரபோஜி மன்னர்தான். கூடப் படித்தவர் என்ற பாசத்தில் அரண்மனைக் கவிராயராக வைத்துக்கொண்டு சம்பளமும் கொடுத்தார். மன்னர் இந்து, கவிராயர் கிறிஸ்தவர். அது அந்தச் சபையில் தடையாக இல்லை.

ஒரு தடவை இந்துக் கடவுள் மேல் துதி பாடச் சொல்லி மன்னர் கேட்டதாகவும், சாஸ்திரியார் மறுத்து, இயேசுவைத் துதித்து ஒரு கீர்த்தனை பாடியதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சோறு போடுகிறவர் கேட்டும் மறுப்பது லேசான காரியம் இல்லை. மன்னரும் அதற்காக அவரை விரட்டிவிடவில்லை என்கிறார்கள்.

1832-ல் சரபோஜி காலமானதோடு அரண்மனை ஆதரவும் போனது. அதன் பிறகும் 30 வருஷத்துக்கு மேல் சாஸ்திரியார் வாழ்ந்தார். பாட்டுதான் துணை. 1864-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி, 89-வது வயதில் தஞ்சையில் கண்ணை மூடினார்.

இவருக்குப் பிறகு வாரிசுகளும் சாஸ்திரியார் பட்டத்தோடு ஊர் ஊராகப் போய் கதாகாலட்சேபம் செய்தார்கள். மிஷன் இவரை வேலையை விட்டு அனுப்பியது, ஆனால் அவர் பாட்டை சனங்கள் விடவில்லை. அவர் சம்மதிக்காத அந்த ஒரே பாயில், சாதி வித்தியாசம் பார்க்காமல் உட்கார்ந்தும் இன்றைக்கு அவர் பாட்டைப் பாடுகிறார்கள்.