காலம் கண்ட பேராசிரியர்

மறுத்தலும் நூலோர் கொண்ட எழுவகை மதங்களுள் ஒன்றென்பது நன்னூல் கற்றார் அறிந்ததே. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுநின்று பின்னர்க் களைதலையும் அந்நூல் தனியே வைத்து எண்ணுகின்றது. அவ்விலக்கணத்துக்கு இலக்கியமாய் வாழ்ந்தவர் பேராசிரியர் பெ. சுந்தரம்பிள்ளை. மனோன்மணீய ஆசிரியர் என்று அவரைப் பலரும் அறிவர்; மறுப்புரை வல்லார் என்று அறிந்தார் சிலரே.

1855ஆம் ஆண்டு ஆலப்புழையிற் பிறந்த அவர், திருவனந்தபுரம் மகாராசாக் கல்லூரியிற் பயின்று, அங்கேயே தத்துவப் பேராசிரியராய் விளங்கினார். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை ஞானாசிரியராகக் கொண்டார். 1891இல் மனோன்மணீயம் வெளிவந்தது.

அந்நாளிலே திருஞானசம்பந்தர் காலம் பற்றிக் கால்டுவெல் ஐயர் வெளியிட்ட கருத்தொன்று அறிஞரிடையே வழங்கியது. சம்பந்தர் வெப்புநோய் தீர்த்த கூன்பாண்டியனுக்குச் சுந்தரபாண்டியன் என்னும் பெயரும் உண்டென்பர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாடு கண்ட மார்க்கோ போலோவும் ஒரு சுந்தரபாண்டியனைக் குறித்துள்ளான். இருவரும் ஒருவரே எனக் கொண்டு, ஐயர் சம்பந்தரையும் அந்நூற்றாண்டில் வைத்தார். அது மெய்யாயின், உடன் வாழ்ந்த அப்பரும் அங்கே இழுபடுவார். தமிழிலக்கிய வரலாறு முழுவதுமே நிலைமாறும்.

பிள்ளையவர்கள் சினந்தாரல்லர், சமயப் பற்றைச் சான்றாகக் காட்டினாருமல்லர். 1890களில் ஆங்கிலத்திலேயே மறுப்பு எழுதினார். பெயரொற்றுமை ஒன்றே காலத்தை நாட்டப் போதாது என்றார். பின்பு படிப்படியாக மேலேறினார். சம்பந்தர் வரலாறு பாடிய சேக்கிழார் மார்க்கோ போலோவுக்கு முற்பட்டவர். அவருக்கு முதனூல் தந்த நம்பியாண்டார் நம்பி அவரினும் முந்தியவர். நம்பிக்கு வழிகாட்டிய திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரர் இன்னும் முந்தியவர். அச்சுந்தரரோ சம்பந்தரைப் போற்றுகின்றார். இவ்வாறு ஆராய்ந்து, 7ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராகச் சம்பந்தரைக் கொள்ளலாகாது என முடித்தார். அவ்வாராய்ச்சிக்கு மைல்கற்கள் எனப் பொருள்படும் பெயரிட்டமை பொருத்தமே. ஒரு கல் சரியாக நாட்டப்பட்டால், ஏனைய தூரங்களை அளந்து கொள்ளலாமன்றோ?

கல்வெட்டறிஞர் வெங்கையா வேறு வழியாற் சென்றார். சம்பந்தராற் பாடப்பெற்ற சிறுத்தொண்டர் வாதாபியை வென்றவர் எனப் பெரியபுராணம் கூறும். அவ்வெற்றியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 642ஆம் ஆண்டளவில் வாதாபியைக் கைக்கொண்ட செய்தியோடு அவர் இணைத்துக் காட்டினார். இருவழியும் ஒரே நூற்றாண்டிற் சென்று கூடின.

இங்கே கருதத்தக்கது மற்றொன்றுண்டு. காலக் கணக்கிற் கால்டுவெலை மறுத்த அதே பேராசிரியர், மனோன்மணீயத்தின் தமிழ்த் தெய்வ வணக்கத்திலே கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவற்றைத் தமிழோடு ஒரு குடும்பமாக வைத்துப் பாடினார். திராவிட மொழிகளின் உறவை ஒப்பிலக்கணத்தால் விளக்கியவர் கால்டுவெலேயாவர். பிழையை மறுத்தார், பிழைபட்டவரின் புலமையை மறுத்தாரல்லர்.

1897இல், 42ஆம் வயதில், பேராசிரியர் மறைந்தார். அவர் நாட்டிய கல் பெயரவில்லை. மறுப்புரை எழுதப் புகும் மாணவர் தாளை எடுக்குமுன், தாம் மறுப்பது கருத்தையா, ஆளையா என ஒருமுறை தம்மையே கேட்டுக் கொள்வாராக.